படிக்க அனுப்புகிறோமா, வேலைக்கு அனுப்புகிறோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் உங்கள் நாளிதழிலிருந்து கத்தரித்த விளம்பரம் ஒன்று. மலேசியாவில் முதுநிலைப் படிப்பு, குறைந்த கட்டணம், படித்துக்கொண்டே மாதம் 50,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "நீ அங்கதானே தம்பி படிச்சே, இது நடக்குமா?" என்று கேட்டார். படிப்பு நடக்கும் அண்ணே, சம்பாத்தியம் நடக்காது என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. ஏனென்றால் அவர் கணக்கு முழுவதும் அந்த 50,000 மேல்தான் நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவின் கணக்கும் இப்படி ஒரு தொகையின் மேல்தான் நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 2017 செப்டம்பரில் மலேசியாவுக்குப் போனேன். சிலாங்கூர் மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், சரக்குப் போக்குவரத்து மேலாண்மையில் முதுநிலைப் படிப்பு, ஒன்றரை வருஷம். கட்டணம் 28,000 ரிங்கிட். அன்று ஒரு ரிங்கிட் 15, 16 ரூபாய் என்பதால் நாலே கால் லட்சத்துக்கு மேல் வந்தது. ஏஜென்ட் தனக்கென்று வாங்கியது இதில் சேராது. அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியது எனக்கு இன்றும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. பகுதி நேர வேலையில் மாதம் 2,000 ரிங்கிட் வரவு, சாப்பாடும் தங்குமிடமும் 800, மீதி 1,200 ஊருக்கு. பதினெட்டு மாதத்துக்கு 21,600 ரிங்கிட். அதாவது படிப்புக் கட்டணத்தில் முக்கால் பங்குக்கு மேல் பையனே சம்பாதித்துத் திருப்பிவிடுவான். அப்பா அந்தத் தாளை மடித்துப் பத்திரத்தோடு வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் வயல் அடமானத்துக்குப் போனது.

இப்போது அந்த நாட்டின் உண்மையான கணக்கைச் சொல்கிறேன். அந்த வருஷம் மலேசியத் தீபகற்பத்தில் ஒரு தொழிலாளிக்கு, அதுவும் முழு நேரத் தொழிலாளிக்கு, அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச ஊதியமே மாதம் 1,000 ரிங்கிட்தான். மணிக் கணக்கில் பார்த்தால் ஐந்து ரிங்கிட்கூட முழுசாக வராது. முழு நாளும் உழைக்கிற உள்ளூர்க்காரருக்கே 1,000 என்றால் படிக்க வந்தவனுக்குப் பகுதி நேரத்தில் 2,000 யார் கொடுப்பார்கள்? இந்த ஒரு கேள்வியை அன்று திண்ணையில் நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தக் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது, ரிங்கிட்டின் மதிப்பும் 20 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படிப் பார்த்தாலும் 50,000 எட்டாது.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். மாணவர் பாஸில், அதாவது படிப்பதற்காக அங்கே தங்கத் தரும் அனுமதியில், இருப்பவர் நினைத்தபோது வேலைக்குப் போக முடியாது. நான் படித்தபோது இருந்த விதி இது: செமஸ்டர் விடுமுறையிலோ ஏழு நாளுக்கு மேல் நீளும் விடுமுறையிலோ மட்டும்தான் வேலை, அதுவும் வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம். அதற்கும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையில் (இமிகிரேஷன்) விண்ணப்பித்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உணவகம், பெட்ரோல் பங்க், மினி மார்க்கெட், ஓட்டல் என்று இடங்களையும் குறித்து வைத்திருந்தார்கள். அங்கேயும் கல்லாவில் நிற்கக் கூடாது. வகுப்பு நடக்கிற நாட்களில் ஒரு மணி நேரம்கூட அனுமதி கிடையாது. வாரம் 20 மணி நேரம், மணிக்கு ஐந்து ரிங்கிட் என்றால் வாரத்துக்கு 100. பத்து வார நீண்ட விடுமுறை முழுக்க ஓய்வில்லாமல் வேலை பார்த்தாலும் 1,000 ரிங்கிட். ஏஜென்ட் ஒரு மாதத்துக்குச் சொன்னதில் பாதி, ஒரு வருஷத்துக்கு.

இது ரகசியமான சட்டமா என்றால் அதுவும் இல்லை. வெளிநாட்டு மாணவர்களின் விண்ணப்பத்தைக் கையாளும் இ.எம்.ஜி.எஸ். என்ற அமைப்பு, எஜுகேஷன் மலேசியா குளோபல் சர்வீசஸ் என்பது முழுப் பெயர், தன் இணையதளத்தில் இதையெல்லாம் ஆங்கிலத்தில் போட்டு வைத்திருக்கிறது. யாரும் எங்களுக்குக் காட்டவில்லை என்பதுதான் உண்மை.

நானும் தவறு செய்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் இல்லை. போய் இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, அப்புறம் பாஸ் ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்துவிட்டுச் சில வாரம் நகலோடு சுற்ற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஏஜென்டின் ஆள் ஒருவர் வந்து ஒரு உணவகத்தில் சேர்த்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நடுராத்திரி தாண்டிப் பாத்திரம் கழுவுவது, மேசை துடைப்பது. பதினோரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் போகாததற்குக் காரணம் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி.

அவர் சிலாங்கூரில் உள்ள கிள்ளான் நகரில் பிறந்து வளர்ந்தவர், அவருடைய பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வீட்டின் மாடியில் இருந்த மூன்று அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார், என் பங்கு 350 ரிங்கிட். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட் என்று சொல்வதே குறைவு, வெள்ளி என்பார்கள். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்கள், பசியாறியாச்சா என்பார்கள். முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம் ஊரில் பெரியவர்கள் வாயில்கூட இப்போது அரிதாகிவிட்ட சொல், கடல் தாண்டி ஒரு மாடிப்படியில் காத்திருந்தது. அந்த ஆன்ட்டிதான் ஒரு மணி ராத்திரிக்கு நான் கதவைத் திறந்து வருவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் உட்கார வைத்துக் கேட்டார். "தம்பி, பாஸ் கைக்கு வந்துடுச்சா? வரலன்னா எந்தத் தைரியத்துல வேலைக்குப் போறீங்க? பிடிச்சா படிப்பும் போயிடும், ஊருக்கும் அனுப்பிடுவாங்க. அம்மா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அந்த மாத வாடகையைப் பிறகு கொடுங்கள் என்றும் சொன்னார். நான் அப்பாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்ன இரவு, அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "சரி, நீ படி" என்றார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு ஆன்ட்டி அமையவில்லை. என்னோடு ஒரே விமானத்தில் திருச்சியிலிருந்து வந்த தஞ்சை மாவட்டத்துப் பையன் ஒருவன். அவன் வீட்டில் அக்காவின் நகையை அடகு வைத்து அனுப்பியிருந்தார்கள், மாதா மாதம் வட்டி கட்டுவது அவன் பொறுப்பு என்பதுதான் வீட்டில் பேசி வைத்த ஏற்பாடு. அவனால் நிறுத்த முடியவில்லை. இரவெல்லாம் வேலை, காலை வகுப்பில் தூக்கம், அப்புறம் வகுப்புக்கு வராமலே இருந்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாணவர் பாஸை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க வருகைப்பதிவு 80 சதவீதம் காட்ட வேண்டும். வட்டி கட்ட வேலைக்குப் போனால் வருகை குறையும், வருகை குறைந்தால் பாஸ் கிடைக்காது, பாஸ் இல்லாமல் தங்கினால் அதுவே தனிக் குற்றம், அதற்கு மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தில் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ ஐந்து வருஷம் வரை சிறையோ இரண்டும் சேர்ந்தோ விதிக்க இடம் இருக்கிறது. இந்த வளையத்தில் ஒரு இடத்தில்கூட அவனுக்கு வெளியேற வழி தெரியவில்லை. சோதனையில் பிடிபட்டான். சில வாரம் தடுப்பு முகாமில் இருந்தான். நாங்கள் ஆறு பேர் பணம் சேர்த்துக் கொடுத்தோம், ஊரிலிருந்தும் கடன் வாங்கி அனுப்பினார்கள். படிப்பை முடிக்காமல், மறுபடி அந்த நாட்டுக்குள் வர முடியாதபடி திருப்பி அனுப்பப்பட்டான். ஏஜென்டுக்கு போன் செய்தால், "நான் வேலை பார்க்கச் சொன்னேனா, படிக்கத்தானே அனுப்பினேன்" என்றார். அந்தக் காலண்டர் தாளில் அவர் கையெழுத்து எங்கேயும் இல்லையே, நாங்கள் எதைக் காட்ட?

இந்தப் பதிலைப் பற்றி நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்ப வேண்டுமென்றால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கான சான்றிதழ் இருக்க வேண்டும். படிப்புக்கு அனுப்புகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார். ஆகவே வேலை ஆசையைக் காட்டி, படிப்பு என்ற பெயரில் அனுப்பிவிட்டால் எந்தப் பதிவும் வேண்டாம். பையன் தப்பிப் பிழைத்தால் அவர் பெருமை, மாட்டிக்கொண்டால் பையன் விதியை மீறினான். நான் எல்லா ஏஜென்டுகளையும் சொல்லவில்லை, ஒழுங்காக வழிகாட்டிய சிலரையும் பிற்பாடு பார்த்திருக்கிறேன். ஆனால் விளம்பரத்தில் 'சம்பாதிக்கலாம்' என்று எழுதுகிறவர் எதை விற்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் படித்துவிட்டு மலேசியாவுக்கே போகக் கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த ஒன்றரை வருஷம் கொடுத்ததை வேறு எதுவும் கொடுத்திருக்காது. எங்கள் வகுப்பில் நைஜீரியா, ஏமன், வங்கதேசம், இந்தோனேசியா என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாடு. ஊரில் நான் படித்த கல்லூரியில் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதினால் போதும், அங்கே முதல் வாரமே ஒரு நிறுவனத்தின் சரக்குச் செலவைப் பிரித்துக் கொடுத்து எங்கே குறைக்கலாம் சொல் என்றார்கள். முதல் ஒப்படைப்பில் நான் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்த பேராசிரியை, திட்டவில்லை, அடுத்த மூன்று வாரம் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்து மேற்கோள் எப்படிக் காட்டுவது, சொந்தமாக எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தார். கிள்ளான் துறைமுகத்துக்கு இரண்டு முறை கூட்டிப் போனார்கள். வெஸ்ட்போர்ட்ஸ் முனையத்தில் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்தபடி, இதில் பாதிக்கு மேல் இந்த நாட்டுச் சரக்கே இல்லை, மலாக்கா நீரிணை வழியாகப் போகிற கப்பல்கள் இங்கே இறக்கி வேறு கப்பலில் ஏற்றுகிற சரக்கு என்று விளக்கினார்கள். இன்று தூத்துக்குடியில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஏற்றும் பெட்டி கொழும்பில் கப்பல் மாறும்போதெல்லாம் அந்த வெயிலில் நின்று கேட்ட பாடம்தான் கை கொடுக்கிறது.

வேலை ஆசையை விட்ட பிறகுதான் அந்த ஊரையே நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து நடந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். மின்னல் எஃப்.எம். என்ற தமிழ் வானொலி ஓடுகிற கடையில் நம் பரோட்டா போன்ற ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீயும் அன்று மூன்று வெள்ளிக்கு முடிந்துவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தவர், முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்த விஷயம் அது. அந்த வளாகத்து மரநிழலில் நடந்தபோதுதான் இவர்கள் தமிழை எவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஆன்ட்டியின் பேத்தி தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். ஆறாம் வகுப்போடு அது முடிந்துவிடும், பிறகு மலாய் வழிதான். அதற்குள் எழுதப் படிக்கத் தெரிந்துவிட வேண்டும் என்று வீடே அவளைச் சுற்றி நிற்கும். வீட்டுக்குத் தினமும் தமிழ் நேசன் வரும். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரி கடைசியில் நின்றுபோனது. கடைசி இதழை ஆன்ட்டி மடிக்காமல் அலமாரியில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் அச்சான சொல்லை ஒரு வீடு எவ்வளவு நம்புகிறது என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சாட்சி இல்லை. உங்களுக்கு இதை எழுத அதுவும் ஒரு காரணம்.

கடைசி நீண்ட விடுமுறையில் முறைப்படி அனுமதி வாங்கி ஒரு மினி மார்க்கெட்டில் வேலையும் பார்த்தேன். பல்கலைக்கழக அலுவலர் கூடவே குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்தார், தாள்களில் முத்திரை விழுவதற்கே நாள் பிடித்தது. பால் டின்களையும் பிஸ்கட் அட்டைகளையும் அடுக்குவது, தேதி முடிந்ததை எடுப்பது. கிடைத்த பணம் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது. பயமில்லாமல் தூங்கினேன்.

ஆகவே அனுப்ப நினைக்கிற பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, வேலை வருமானம் இல்லாமலே கட்டணமும் மாதச் செலவும் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் கடனைக் குறைக்கிற வழியைத் தேடுங்கள், வங்கிக் கல்விக் கடனைக் கேளுங்கள், ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். சேர்கிற படிப்பு எம்.க்யூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு உள்துறை அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் இங்கே செல்லுமா என்பதையும் போவதற்கு முன்னால் விசாரியுங்கள், வந்த பிறகு இங்குள்ள பட்டத்துக்கு இணையானது என்ற சான்றிதழுக்கு அலைந்தவர்கள் எனக்குத் தெரியும். விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இ.எம்.ஜி.எஸ். தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நீங்களே பார்க்கலாம், அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. விசா ஒப்புதல் கடிதம் கையில் வராமல் சுற்றுலாப் பயணி போல விமானம் ஏறச் சொன்னால் ஏற வேண்டாம். இப்போது இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் நுழைய வசதி இருப்பதால் இப்படிச் சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். போன பிறகு சிக்கல் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம், கோலாலம்பூரில் இந்தியத் தூதரகம் (ஹை கமிஷன்) இருக்கிறது. தஞ்சைப் பையன் பிடிபட்ட வாரம் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர்களுக்கென்று அரசுத் துறையே இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வதைப் படிக்கப் போகிறவர்களுக்கும் கல்லூரிகளுக்கே வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வெளிநாட்டுக் கல்வி விளம்பரங்களை நிறுத்தச் சொல்லவில்லை, பத்திரிகை நடத்துவதற்கு விளம்பரம் வேண்டும் என்பது தெரியும். ஆனால் 'படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்' என்ற வாசகம் வருகிற விளம்பரத்தை வாங்கும்போது, அந்த நாட்டில் மாணவர்கள் எத்தனை மணி நேரம், எப்போது, யாருடைய அனுமதியோடு வேலை செய்யலாம் என்பதையும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் அந்த வாசகத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். மே, ஜூன் மாதங்களில் இந்த விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த நேரத்தில் மலேசியா மட்டுமில்லாமல் மற்ற நாடுகளின் விதிகளையும் தமிழில் ஒரு பக்கம் வெளியிட்டால் எத்தனையோ வீடுகளில் அது பத்திரத்தோடு மடித்து வைக்கப்படும்.

தெரு அண்ணனுக்கும் அவர் மகளுக்கும் அன்று ஒரு தாளில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். கட்டணம், வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, வருஷா வருஷம் பாஸ் புதுப்பிக்கும் செலவு எல்லாம் போட்டு, பகுதி நேர வருமானம் என்ற வரியில் பூஜ்யம் என்று எழுதினேன். அந்தப் பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப எவ்வளவு குறையுதுண்ணே?" என்று அங்கேயே கூட்ட ஆரம்பித்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தூத்துக்குடி.